கொழுந்தைத் தொடாத புகை

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளையிலிருந்து பசறைக்கோ ஹாலிஎலவுக்கோ, அதற்கும் மேலே பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கமோ ஏறும் வீதிகளில் இடைக்கிடை தென்படும் தேயிலைத் தொழிற்சாலை, தோட்டத்து வழக்கில் ‘ஸ்டோர்’ எனப்படுவது, வெளிப்பார்வைக்கு வரிசையாகச் சன்னல் வைத்த பல மாடித் தகரக் கட்டடம்; பொறியியல் நோக்கில் அது காற்றைச் சூடாக்கி, அதன் ஈரத்தை அளந்து, கொழுந்தின் ஊடாகச் செலுத்தி, வேலை முடிந்ததும் வெளியே தள்ளும் ஓர் இயந்திரம். கனடா போன்ற குளிர்நாடுகளில் வீட்டின் நிலவறையில் பொருத்தப்படும் எரிவாயு உலையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே சூடான காற்று அறைகளுக்குப் போகிறது, இங்கே கொழுந்துக்குப் போகிறது. ஸ்காபரோவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்று மாரிக்கு மாரி நம்பியிருக்கும் அந்தப் பெட்டி எந்த விதிகளின்படி இயங்குகிறதோ, எந்தக் குறைகளால் ஆபத்தாகிறதோ, அவை அத்தனையையும் ஊவாவின் ஸ்டோர் ஒன்றில் பெரிய அளவில், கண்ணால் காணக்கூடிய வடிவில் பார்த்துவிடலாம்.

இவ்விரண்டு உலைகளிலும் இரு வேறு காற்றோட்டங்கள் உள்ளன. ஒன்று எரிபொருளைச் சந்தித்து, அதனுடன் எரிந்து, புகைபோக்கி வழியே வெளியேறுவது. அதனை எரிகாற்று எனலாம். மற்றது நெருப்பை ஒருபோதும் காணாமல், அதன் வெப்பத்தை மட்டும் இரும்புச் சுவர் ஒன்றின் வழியாக வாங்கிக்கொண்டு பயன்படும் இடத்துக்குச் செல்வது, அது சுடுகாற்று. இரண்டையும் பிரிக்கும் அந்தச் சுவர், பெரும்பாலும் வார்ப்பிரும்பு அல்லது உருக்குக் குழாய்களின் தொகுதி, வெப்பமாற்றி எனப்படும். குழாய்களின் ஒரு பக்கம் தீச்சுவாலையும் புகையும் பாய, மறுபக்கம் சுத்தமான காற்று ஓட, வெப்பம் மட்டும் உலோகத்தைக் கடக்கிறது. தேயிலை அயல் மணங்களை மிக எளிதாக உறிஞ்சும் பண்டமாகையால், இந்தச் சுவரில் தோன்றும் மயிரிழை வெடிப்புக்கூட ஏலத்துக்கு முன் தேநீரைச் சுவைத்துப் பார்ப்பவரின் நாவில் புகைச்சுவையாகத் தெரிந்து, அந்தத் தொகுதியின் விலையைக் குறைத்துவிடும். ஆகவே ஸ்டோரில் வெப்பமாற்றியைக் காப்பதற்குப் பணக் காரணம் உண்டு. வீட்டு உலையில் அதே வெடிப்பு உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

இந்தப் பிரிப்பு தொடக்கத்திலேயே இருந்ததன்று. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், கையால் உருட்டிய இலையைக் களிமண் அடுப்புகளில் கரி நெருப்புக்கு மேலே கம்பித் தட்டுகளில் பரப்பித்தான் உலர்த்தினார். கரியின் வாயுக்கள் நேரே இலையின் ஊடாகவே மேலேறின. நன்கு கனன்ற கரி புகையாது என்பதால் அம்முறை ஓரளவு பொறுக்கத்தக்கதாக இருந்தது. விறகை நேரடியாக எரித்திருந்தால் அந்தத் தேநீரில் புகைமணமே மேலோங்கியிருக்கும். சுடுகாற்றை எரிகாற்றிலிருந்து பிரித்தெடுத்த இயந்திரங்களில் பெரும் பெயர் பெற்றது, 1864இல் அசாமின் கச்சார் பகுதிக்குத் தோட்ட உதவியாளராகச் சென்ற சாமுவேல் கிளேலன்ட் டேவிட்சன் என்பவர் உருவாக்கிய ‘சிரொக்கோ’ உலர்த்தி. அவர் 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தமது தொழிற்சாலையைத் திறந்து, 1898இல் முன்னோக்கி வளைந்த பல சிறு தகடுகள் கொண்ட உருளை விசிறி ஒன்றையும் வடிவமைத்தார். தேயிலையை உலர்த்தும் தேவையிலிருந்து பிறந்த அந்த விசிறி பின்னர் கப்பல்களின் கொதிகலன் அறைகளுக்கும் சுரங்கங்களுக்கும் பரவியது. இன்றைய வீட்டு எரிவாயு உலைகளில் காற்றைத் தள்ளும் உருளை விசிறியும் அதே முன்வளைவுத் தகட்டு வகையையே சேர்ந்தது. கனடாவின் வீட்டு நிலவறைக்கும் மலைச்சரிவின் ஸ்டோருக்கும் இடையிலான உறவு, ஆகவே, வெறும் ஒப்புமையைவிட நெருக்கமானது.

நெருப்பின் பக்கத்தை முதலில் பார்ப்போம். 1970களின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின்னர் இலங்கையின் தேயிலைத் தொழிற்சாலைகள் உலை எண்ணெயைக் கைவிட்டுப் பெரும்பாலும் விறகுக்குத் திரும்பின. ஊவாவில் அது யூக்கலிப்டஸ், இறப்பர் முதலிய மரங்களின் கட்டை. முற்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகு முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 6 கிலோ காற்று வேண்டும்; நடைமுறையில் விறகுக் கட்டைகளுக்கிடையே காற்று சீராகப் பரவாது என்பதால் அதைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகவே கொடுக்கப்படுகிறது. அந்தக் காற்றின் ஒரு பகுதி தட்டின் கீழிருந்து கட்டைகளின் ஊடாக எழும் முதற்காற்று. இன்னொரு பகுதி, சுவாலைக்கு மேலே நுழைந்து, விறகிலிருந்து கிளம்பிய எரியாத வாயுக்களை எரித்து முடிக்கும் இரண்டாம் காற்று. இரண்டாவது போதாமற் போனால் நல்ல எரிபொருளில் ஒரு பங்கு புகைபோக்கி வழியே கரும்புகையாகப் போய்விடும். காற்று மிகுந்தாலும் நட்டமே, ஏனெனில் தேவையற்ற அந்தக் காற்றையும் சூடாக்கிப் புகைபோக்கிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. உலையின் வாயிலை அகலத் திறந்து பெருங்கட்டைகளை ஒரே தடவையில் திணிக்கும் பழக்கம் இவ்விரு தவறுகளையும் ஒருசேரச் செய்கிறது: முதலில் குளிர்காற்று வெள்ளமாய்ப் புகுகிறது, பின்னர் கட்டைகள் அனைத்தும் ஒன்றாய் வாயுவை வெளியிடக் காற்றுப் போதாமற் போகிறது.

ஈரம் இதைவிடப் பெரிய திருடன். வெட்டிய கையோடு எடுத்த கட்டையில் எடையின் பாதி தண்ணீராக இருக்கக்கூடும். அத்தகைய ஒரு கிலோவிலிருந்து கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 8 மெகாயூல். கூரையின் கீழ் பல மாதம் அடுக்கி வைத்து ஈரம் 20 வீதத்துக்கு இறங்கிய ஒரு கிலோ தருவதோ ஏறத்தாழ 15 மெகாயூல். ஒரு சிறு கணக்கு இதன் பொருளை விளக்கும். டிரையர் எனப்படும் உலர்த்திக்குள் போகும் இலையில் 55 வீதம் ஈரம் இருந்து, வெளிவரும் தேயிலையில் 3 வீதம் எஞ்சுமானால், ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 1.2 கிலோ நீர் ஆவியாக வேண்டும். அதற்கு 3 மெகாயூலுக்குச் சற்றுக் குறைந்த வெப்பம் போதும். அந்த ஒரு கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ காய்ந்த விறகு செலவாகிறதென்று கொண்டாலும், எரித்த வெப்பத்தில் உலர்த்தலுக்குப் போவது எட்டில் ஒரு பங்களவே. எஞ்சியதில் கொழுந்தை வாட்டுவதற்குப் போகும் பங்கும் உண்டு, புகைபோக்கியும் சுவர்களும் விழுங்கும் பங்கும் உண்டு. புகைபோக்கியின் நுனியை அண்ணாந்து பார்த்தே விறகின் ஈரத்தைச் சொல்லும் உலைக்காரர்கள் எல்லாத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அடர்ந்த வெண்புகை நெடுநேரம் எழுந்தால் கட்டை பச்சை.

இனி வெப்பமாற்றியின் வெடிப்புக்கு வருவோம், ஏனெனில் உலை அமைப்பதன் நுட்பம் முழுவதும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. வெடிப்பு விழுந்தால் எந்தப் பக்கத்துக் காற்று எந்தப் பக்கம் போகும் என்பதை முடிவு செய்வது அமுக்க வேறுபாடு. அமுக்கத்தை முடிவு செய்வது விசிறி நிற்கும் இடம். விசிறி வெப்பமாற்றிக்கு முன்னால் நின்று காற்றை அதன் ஊடாகத் தள்ளுமானால், சுடுகாற்றுப் பக்கத்தின் அமுக்கம் கூடி, வெடிப்பின் வழியே சுத்தமான காற்று உலைக்குள் கசியும். வெப்பம் வீணாகும், சுவாலை ஆட்டங்காணும், ஆனால் புகை இலையைத் தொடாது. விசிறி வெப்பமாற்றிக்கும் டிரையருக்கும் இடையில் நின்று காற்றை இழுக்குமானால் நிலை தலைகீழாகும்: சுடுகாற்றுப் பக்கம் வெற்றிடம் நோக்கிச் சாய, அதே வெடிப்பு புகையை உறிஞ்சிக் கொழுந்தின் மேல் கொண்டுவந்து சேர்க்கும். பழைய டிரையர்களில் இந்த இரண்டாம் ஏற்பாடே பெருவழக்கு என்பதால்தான் அங்கே குழாய்களின் ஆண்டுப் பரிசோதனை அவ்வளவு முக்கியமாகிறது; உலை ஆறிய பின் உட்புறம் வலுவான விளக்கொன்றை வைத்து, காற்றுப் பக்கம் இருட்டில் நின்று ஒளிக்கீற்றுத் தெரிகிறதா என்று பார்ப்பது இதற்கான மிக எளிய வழி. வீட்டு எரிவாயு உலையை வடிவமைத்தவர்கள் விசிறியை வெப்பமாற்றிக்கு முன்னால் வைத்து, புகைப் பக்கத்தில் இன்னொரு சிறு விசிறியைக் கொண்டு வாயுக்களை வெளியே இழுக்கவும் செய்தார்கள். இரண்டும் ஒரே திசையில் உதவுகின்றன: எது கசிந்தாலும் அது அறையிலிருந்து புகைபோக்கியை நோக்கியே கசிய வேண்டும்.

இருந்தும் வீட்டு உலை முற்றிலும் பாதுகாப்பானதாகிவிடவில்லை. அறைகளிலிருந்து திரும்பி வரும் காற்றைச் சுமக்கும் குழாயில் உலைக்கு அருகே ஓட்டை விழுந்தால், விசிறி அந்தச் சிறு நிலவறையின் காற்றையே உறிஞ்சத் தொடங்கும். கதவு மூடியிருக்க, அறையின் அமுக்கம் குறைந்து, பழைய வகை உலையோ நீர்சூடாக்கியோ வெளியே அனுப்ப வேண்டிய புகையைப் புகைபோக்கி வழியே திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளும். காற்றுப் போதாமல் எரியும் சுவாலையிலிருந்து வருவது காபனோரொட்சைட்டு. நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, குருதியின் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைந்து, உடலை மூச்சிருந்தும் மூச்சற்றதாக்கிவிடுகிறது. எரிகாற்றுக்கென வெளியிலிருந்து தனிக் குழாய் வைப்பது, திரும்புகுழாயின் பொருத்துகளை இறுக அடைப்பது, உறங்கும் அறைக்கு வெளியே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி பொருத்துவது ஆகிய மூன்றும் அங்கே கட்டாயமாகக் கருதப்படுவதன் காரணம் இதுவே.

உலையில் நெருப்பு இருக்க, காற்று நின்றுபோவது இன்னொரு அபாயம். சுடுகாற்று ஓடிக்கொண்டிருக்கும்வரை அது குழாய்களின் வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. விசிறி நின்ற மறுகணம் முதல் குழாய்கள் தீயின் வெப்பநிலையை நோக்கி ஏறத் தொடங்கி, சிவந்து, வளைந்து, பொருத்துகளில் வாய்பிளக்கும். ஆகையால் வேலை முடிந்து நெருப்பை அணைத்த பின்னும் உலை ஆறும்வரை விசிறியை ஓடவிடுவது ஸ்டோரின் எழுதாச் சட்டம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்தபோது, டீசலும் தட்டுப்பாடாயிருந்த நிலையில், விறகு உலையை நம்பிய ஒவ்வொரு தொழிற்சாலையும் இந்தப் பௌதிகவியலோடு மல்லுக்கட்ட நேர்ந்தது: மின்சாரத்தை ஒரு நொடியில் துண்டிக்கலாம், எரிந்துகொண்டிருக்கும் கட்டைக் குவியலை அப்படி அணைக்க முடியாது. எரிவாயு உலைக்கு இந்தத் தொல்லை குறைவு. காற்றோட்டம் தளர்ந்து வெப்பநிலை வரம்பு மீறினால் அதிலுள்ள உணர்சுவிட்ச் எரிவாயுவை அடைத்துவிடும், விசிறியும் சிறிது நேரம் தொடர்ந்து ஓடும். ஆனால் அழுக்கடைந்த வடிகட்டியைப் பல மாதம் மாற்றாமல் விட்டு, அந்தச் சுவிட்ச் நாளுக்குப் பலமுறை உலையை நிறுத்தி மீளத் தொடக்கும் நிலைக்குத் தள்ளினால், விரிந்தும் சுருங்கியும் களைத்த உலோகத்தில் அதே வெடிப்பு விழுவதற்கு வழி பிறக்கும். வடிகட்டியை மாற்றாமல் விடுவதன் விளைவு ஈற்றில் வெப்பமாற்றியில் வந்து முடிகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

காற்றைச் சூடாக்குவது ஏன் என்ற கேள்விக்கு விடை, டிரையரைக் காட்டிலும் கொழுந்தை வாட்டும் மேல்மாடியில் தெளிவாகக் கிடைக்கிறது. பறித்து வந்த கொழுந்தில் எடையின் முக்காற் பங்குக்கு மேல் நீர். அதில் ஒரு பகுதியை 12 முதல் 18 மணி நேரத்தில் மெல்ல அகற்றினால்தான் இலை உடையாமல் உருளும். கம்பிவலை மேல் கொழுந்தைப் பரப்பிய நீண்ட தொட்டிகளின் அடியிலிருந்து விசிறிகள் காற்றை மேல்நோக்கித் தள்ளுகின்றன. காற்று எவ்வளவு ஈரத்தை ஏற்கும் என்பதை டீமேக்கர், அதாவது உற்பத்திக்குப் பொறுப்பான அலுவலர், இரண்டு வெப்பமானிகளால் அறிகிறார்: ஒன்றின் குமிழ் வெறுமையானது, மற்றதன் குமிழ் நனைந்த துணியால் சுற்றப்பட்டது. காற்று வறண்டிருந்தால் துணியின் நீர் விரைந்து ஆவியாகி ஈரக்குமிழைக் குளிரச் செய்து இரு அளவீடுகளுக்குமான இடைவெளியைக் கூட்டும். காற்றில் ஈரம் முழுதும் நிறைந்திருந்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். இடைவெளி ஏறத்தாழ 4 பாகைக்குக் கீழ் இறங்கினால் உலையின் சுடுகாற்றைக் கலப்பது வழக்கம்.

வடகீழ்ப் பருவமழையின் போது, மார்கழி இரவொன்றில், பதுளையில் 20 பாகை செல்சியஸில் காற்று ஈரத்தால் முழுதும் நிறைந்திருப்பதாகக் கொள்வோம். அதன் ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 17 கிராம் நீராவி இருக்கும், அதற்கு மேல் அதனால் ஏற்க இயலாது. அதையே 30 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரையும் அகற்றாமலே, அதன் கொள்ளளவு கனமீற்றருக்கு 30 கிராமாக உயர்ந்து, சாரீரப்பதன் 100 வீதத்திலிருந்து ஏறத்தாழ 55 வீதத்துக்கு இறங்கிவிடும். சாரீரப்பதன் என்பது காற்றிலுள்ள ஈரத்துக்கும் அந்த வெப்பநிலையில் அது ஏற்கக்கூடிய உச்ச ஈரத்துக்குமான விகிதம். வெறும் 10 பாகை ஏற்றம் செய்யும் இந்த மாற்றமே உலையின் வாட்டல் வேலை முழுவதும். 35 பாகையைத் தாண்டினால் இலையின் இரசாயன மாற்றங்கள் கட்டுமீறிவிடுமாகையால், அதற்குமேல் சூடாக்குவதில்லை.

யூலை முதல் செத்தெம்பர் வரை இந்த உலை வேலையை ஊவாவின் காற்றே இலவசமாகச் செய்துவிடுகிறது. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகடுகளைக் கடந்து ஊவாப் பள்ளத்தாக்கில் இறங்கும்போது, அமுக்கம் கூடுவதால் சூடேறி, வறண்டு வீசுகிறது; கிழக்கிலங்கையார் கச்சான் என்றழைக்கும் காற்று இதுவே. அந்நாட்களில் வாட்டும் மாடியின் சன்னல்களைத் திறந்துவிட்டாலே போதும். வறட்சியாலும் காற்றாலும் நெருக்குண்ட செடி மெதைல் சலிசிலேற்று முதலிய மணச் சேர்மங்களை மிகுதியாகச் சுரக்க, அவற்றின் குளிர்ச்சியான காரமணமே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் ஈட்டித் தந்தது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னவில் கட்டிய தொழிற்சாலை உட்பட, பழைய ஸ்டோர்கள் உயரமும் சன்னலும் மிகுந்தவையாய் எழுப்பப்பட்டது இந்தக் காற்றை உள்வாங்கத்தான். வாட்டம் போதுமா என்பதற்கான தீர்ப்பு இன்றும் கையில்தான் இருக்கிறது: ஒரு பிடி இலையை இறுக்கி உருட்டித் திறந்தால், அது பந்தாகவே கிடக்காமலும் சட்டென்று சிதறாமலும் மெல்ல விரிய வேண்டும், காம்பை மடித்தால் முறியக் கூடாது.

டிரையரில் வெப்பநிலைகள் வேறு. தட்டுச் சங்கிலி டிரையருக்குள் காற்று 90 முதல் 100 பாகையில் நுழைந்து, ஏறத்தாழ 20 நிமிடத்தில் இலையை உலர்த்தி, 52 முதல் 57 பாகையில் வெளியேறுகிறது. வெளியேறும் வெப்பநிலை இதற்குக் கீழே போனால் இலை ஈரத்தில் அவிந்து சுவை மழுங்கும். நுழையும் வெப்பம் மிகுந்தால் துகளின் மேற்புறம் ஓடாகி உள்ளே ஈரம் சிறைப்படும். இங்கே நுண்ணிய ஒரு பாடம் உண்டு. வெளியேறும் காற்று குளிர்ந்து போவதைக் கண்டு நெருப்பைக் கூட்டுவது முதல் எண்ணமாக வரும். பெரும்பாலும் குறை காற்றின் அளவில், அதாவது அடைபட்ட வாயிலிலோ தளர்ந்த விசிறிப் பட்டியிலோ இருக்கும். எடுத்துச் செல்லப்படும் வெப்பம் வெப்பநிலையோடு காற்றின் திணிவையும் சார்ந்தது என்பதால், குறைந்த காற்றை அதிகம் சூடாக்குவது அளவான சூட்டில் நிறையக் காற்றைச் செலுத்துவதற்கு ஈடாகாது.

திணிவைப் பேசும்போது உயரத்தையும் பேசியாக வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றரிலுள்ள பதுளையில் வளிமண்டல அமுக்கம் 8 வீதமளவும், 1,400 மீற்றரைத் தாண்டிய அப்புத்தளையில் 15 வீதத்துக்கு மேலும் குறைவு. விசிறி ஒரு சுற்றுக்குத் தள்ளும் கனவளவு மாறாது. அந்தக் கனவளவிலுள்ள ஒட்சிசனும் வெப்பத்தைச் சுமக்கும் திணிவும் குறைந்துவிடும். கொழும்பில் சரியாக எரிந்த எரிவாயு அடுப்பு மலையில் மஞ்சள் சுவாலை காட்டிப் பாத்திரத்தைக் கரியாக்குவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டு வழக்கில் 2,000 அடிக்கு மேலே பொருத்தப்படும் உலைகளின் எரிவாயு ஊட்டத்தை, ஒவ்வொரு 1,000 அடிக்கும் 4 வீதம் என்ற அளவில் குறைக்கிறார்கள்.

வடிகட்டிகளைச் சுருங்கச் சொல்லிவிடலாம். ஸ்டோரில் உலர்ந்த இலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது பறக்கும் பஞ்சுபோன்ற இழைத்தூள் உத்தரங்களிலும் மோட்டார்களிலும் படிந்து, தொழிலாளரின் மூச்சுக்கும் தீப்பாதுகாப்புக்கும் ஒருசேரக் கேடு செய்வது. அதை உறிஞ்சிகள் இழுத்து, காற்றைச் சுழலவிட்டுக் கனத்த துகளைச் சுவரில் மோதி விழச் செய்யும் கூம்புப் பாத்திரங்களுக்கு அனுப்புகின்றன. இத்தகைய சுழல்பிரிப்பான் பருத்த தூசுக்கு நல்லது, புகையின் நுண்துகளை அது விட்டுவிடும். வீட்டு உலையின் இழை வடிகட்டி நுண்துகளையும் பிடிக்கும், ஆனால் நெருக்கமான இழை காற்றைத் தடுக்கும். எனவே நெருக்கம் கூடிய வடிகட்டியை வாங்குபவர் அதன் பரப்பையும் கூட்ட வேண்டும், இல்லையேல் முன்னே சொன்ன காற்றுப்பஞ்சம் உலையைத் தாக்கும்.

பசறையில் ஊவாவுக்கெனத் தனி நிலையம் வைத்திருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925 முதல் ஆராய்ந்து வருவதும், தலைமுறை தலைமுறையாக டீமேக்கர்கள் காத்து வருவதும் இந்த ஒழுங்கைத்தான்: புகை கொழுந்தைத் தொடக்கூடாது. அந்தக் கொழுந்தைப் பறிக்கும் பெண்ணின் வீட்டில் இந்த ஒழுங்கு அமுலாகவில்லை. இஸ்தோப்பு எனப்படும் முன்திண்ணையும் ஒற்றைக் காம்பராவும் கொண்ட லய வீடுகளில், ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அறையிலோ அதையொட்டிய தகரச் சாய்ப்பிலோ, கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாரை எரித்து விடியுமுன் ரொட்டி சுடும் அடுப்புக்கு, பல இடங்களில் புகைபோக்கியே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்களின் ஆண்டுச் சராசரி கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. விறகு எரியும் மூடிய சமையலறைகளில் சமைக்கும் நேரத்து அளவு பல நூறைத் தொடுவது உலகின் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. இலைக்குக் கிடைத்த வெப்பமாற்றி மனிதருக்குக் கிடைக்காமற் போனதற்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை; கூரைக்கு மேலே 2 அடி எழும் ஒரு தகரக் குழாய், 1980களில் இலங்கையில் உருவாகி இன்றும் விற்பனையாகும் ‘அனகி’ மண்ணடுப்பு, காய்ந்த மிலார் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அறையின் புகை பெருமளவு குறையும்.

எரிவாயுவுக்கு மாறுவோருக்கு வேறு கணக்கு. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் வீட்டு எரிவாயு வெடிப்புகள் தொடர்ந்தபோது, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் அமைந்த சனாதிபதிக் குழு, சிலிண்டரிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் விகிதத்தில் செய்யப்பட்ட மாற்றத்தைக் காரணமாகக் காட்டியது. 25 பாகையில் பியூட்டேனின் ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு, புரொப்பேனுடையதோ 9 மடங்குக்கு மேல். ஆகவே புரொப்பேன் பங்கைக் கூட்டினால், பழைய கலவைக்குப் பழகிய வால்வும் ரெகுலேட்டரும் ரப்பர்க் குழாயும் திடீரென்று கூடுதல் அமுக்கத்தைத் தாங்க வேண்டியதாகிறது. மறுபுறம், பியூட்டேன் பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழேதான் கொதிப்பதால், அப்புத்தளைக் குளிரில் அது மந்தமாகவே ஆவியாகும். குளிர்ந்த ஊருக்குச் சிறிது புரொப்பேன் வேண்டியதே. கலவை மாற்றம் குற்றமன்று, அதை உபகரணங்களோடு பொருத்திப் பார்க்காமல் செய்ததே குற்றம்.

இவ்விரு வாயுக்களும் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானவை. கசிந்தால் தரையில் படர்ந்து தேங்கும். லயக் காம்பரா ஒன்றின் காற்று முழுவதிலும் ஏறத்தாழ 2 வீதம் எரிவாயு கலந்து வெடிக்கும் நிலை வருவதற்கு ஒரு கிலோவுக்கும் சற்று அதிகம் கசிய வேண்டும். தரையோடு ஒரு அடி உயரத்தில் மட்டும் அது தேங்கினால், 12.5 கிலோ சிலிண்டரிலிருந்து 150 கிராமளவு போனாலே போதும். மேற்சுவரில் வைத்த சன்னல் இந்த வாயுவை வெளியேற்றாது. சமையற்கட்டின் கீழ்ச்சுவரில், தரைமட்டத்தில், கம்பிவலையிட்ட துளையொன்று வேண்டும். அடுப்பின் புகையும் நீராவியும் போக மேலே இன்னொன்று வேண்டும், ஏனெனில் ஒரு கிலோ வாயு எரிய 12 முதல் 13 கனமீற்றர் காற்றும், மலையில் அதைவிடக் கூடுதலாகவும் தேவைப்படுகிறது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், இயன்றால் வீட்டுக்கு வெளியே, வடிகாலிலிருந்து விலகி. பொருத்துகளைச் சவர்க்கார நுரையால் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் சோதிப்பது தற்கொலை. மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்கிச் சிறு காணிகளில் எழும் புதிய தோட்ட வீடுகளில் இன்னொன்றையும் கவனித்தாக வேண்டும்: பின்சுவர் பெரும்பாலும் வெட்டிய மண்மேட்டை ஒட்டி நிற்பதால், அந்தப் பக்கம் கீழ்த்துளை வைத்தால் வாயு மேட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள கானில் தங்கி மீண்டும் உள்ளே வரும், துளை சரிவு இறங்கும் பக்கத்துச் சுவரில், சிலிண்டர் வைக்கும் மட்டத்துக்குக் கீழே அமைய வேண்டும்.